மரியாதையும் பண்பும் ஒன்றா?

"மரியாதை கெட்டுடும், பார்த்துக்கோ!"

தெருச் சண்டையிலோ, பேருந்தில் சில்லறைத் தகராறிலோ, வீட்டு வாடகைப் பேச்சிலோ இந்த மிரட்டலை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். ஆனால் "பண்பு கெட்டுடும்" என்று யாராவது மிரட்டி நீங்கள் கேட்டதுண்டா? "மரியாதையா பணத்தை எடுத்து வை" என்கிறோம். "பண்பா பணத்தை எடுத்து வை" என்று சொன்னால் எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது.

மரியாதை, பண்பு இரண்டுமே நல்ல நடத்தையைக் குறிக்கும் சொற்கள். பள்ளிக் கட்டுரைகளில் "மாணவர்கள் மரியாதையுடனும் பண்புடனும் நடந்துகொள்ள வேண்டும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். அப்படிச் சேர்த்தே எழுதிப் பழகியதால் இரண்டும் ஒன்றுதான், ஒன்று வடமொழியிலிருந்து வந்தது, மற்றது தமிழ், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வினையோடு சேர்கிறது என்று கொஞ்சம் கவனித்தால் போதும், இரண்டும் வேறு வேறு என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

மரியாதையைக் கொடுக்கலாம், வாங்கலாம். காட்டலாம், செலுத்தலாம், எதிர்பார்க்கலாம், கேட்டு வாங்கலாம், மறுக்கலாம், இழக்கலாம். "மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு. பண்பை அப்படிக் கொடுக்க முடியுமா? "அவருக்குப் பண்பு கொடு" என்று தமிழில் சொல்லவே முடியாது. பண்பு ஒருவரிடம் இருக்கும், அல்லது இருக்காது. பண்புள்ளவர், பண்புடையவர், பண்பற்றவர். அதை வளர்த்துக்கொள்ளலாம், ஆனால் கைமாற்ற முடியாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. "உரிய மரியாதை" என்ற தொடர் நமக்கு நன்றாகப் பழக்கம். அமைச்சருக்கு உரிய மரியாதை, மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை, மூத்த அக்காவுக்கு உரிய மரியாதை. ஆளுக்கு ஆள் அளவு மாறும். கூடினால் "தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்" என்பார்கள், குறைந்தால் கல்யாண வீட்டில் பந்தியைவிட்டு எழுந்து போய்விடுவார்கள். "அமைச்சருக்கு உரிய பண்பு" என்று சொன்னாலோ பொருளே தலைகீழாகிவிடுகிறது. அமைச்சரிடம் என்ன பண்பு இருக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது, பார்த்தீர்களா? மரியாதை மற்றவரிடமிருந்து அவருக்குப் போகிறது. பண்பு அவரிடமிருந்து வெளியே வருகிறது.

மரியாதை என்ற சொல்லின் வேரைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். வடமொழியில் 'மர்யாதா' என்றால் எல்லை, வரம்பு, கரை. கடல் கரையைத் தாண்டாமல் நிற்பதுகூட மர்யாதாதான். வடநாட்டில் இராமனை 'மரியாதா புருஷோத்தமன்' என்பதற்கும் அதுதான் காரணம். வகுத்த வரம்புக்குள் நின்றவன் என்று பொருள். நாமும் "வரம்பு மீறிப் பேசாதே", "அளவோடு நில்" என்றெல்லாம் சொல்கிறோம் அல்லவா, அந்தக் கருத்துதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இப்போது "மரியாதையா போயிடு" என்ற மிரட்டலைத் திரும்பவும் கேட்டுப் பாருங்கள். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, நீ அதைத் தாண்டினால் நானும் தாண்டுவேன் என்பதுதானே அது.

கோடு என்று வந்துவிட்டால் அது வெளியே தெரிய வேண்டும். அதனால்தான் மரியாதை எப்போதும் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் இருக்கிறது. எழுந்து நிற்பது, செருப்பைக் கழற்றுவது, தோளில் கிடக்கும் துண்டை எடுப்பது, மாலை போடுவது. கோயிலில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, தீர்த்தம் கொடுப்பதற்கே 'கோயில் மரியாதை' என்று பெயர். அதை யாருக்கு முதலில் செய்வது என்று ஊர் ரெண்டுபட்டு நீதிமன்றம் வரை போவதும் உண்டு. காவல்துறை 'அணிவகுப்பு மரியாதை' செய்கிறது. ஒரு தலைவர் இன்னொரு தலைவரைப் பார்த்தால் செய்தித்தாள் 'மரியாதை நிமித்தமாகச் சந்தித்தார்' என்று எழுதுகிறது. இவை எதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே வருவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதுதான் கேள்வி.

இதிலிருந்து ஒரு நுணுக்கமான வேறுபாடு கிடைக்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் குழம்பும் இடமும் இதுதான். 'மரியாதையான குடும்பம்' என்றால் ஊரில் மதிப்போடு பார்க்கப்படும் குடும்பம். 'பண்பான குடும்பம்' என்றால் மற்றவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளும் குடும்பம். முதல் தொடர் அவர்களுக்குக் கிடைப்பதைச் சொல்கிறது, இரண்டாவது அவர்கள் தருவதைச் சொல்கிறது. மரியாதை இரண்டு பக்கமும் திரும்பும் சொல். 'மரியாதைக்குரியவர்' என்றால் பெற வேண்டியவர், 'மரியாதை தெரிந்தவர்' என்றால் தரத் தெரிந்தவர். பண்பாளர் என்பதற்கு ஒரே திசைதான்.

சரி, பண்பு?

பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பிலேயே இந்தச் சொல் நமக்கு அறிமுகமாகிவிட்டது. பண்புப்பெயர், பண்புத்தொகை. செந்தாமரை என்பதில் செம்மை என்ற நிறம், வட்டத்தொட்டி என்பதில் வட்டம் என்ற வடிவம், இன்சொல் என்பதில் இனிமை. அறிவியல் பாடத்தில் 'நீரின் பண்புகள்' என்று படித்தோம். ஒரு பொருளிலிருந்து பிரிக்க முடியாமல் அதற்குள்ளேயே கலந்திருக்கும் தன்மைதான் பண்பு. தாமரையின் சிவப்பு பார்க்கிறவர் யார் என்று பார்த்து மாறுவதில்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இதே சொல்லை எடுத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. எதிரில் யார் நின்றாலும் மாறாத குணம் என்ற எண்ணம் சொல்லிலேயே இருக்கிறது.

அப்புறம், நிலத்தைப் 'பண்படுத்துதல்' என்ற வழக்கையும் மறந்துவிடக் கூடாது. உழுது, கட்டியை உடைத்து, எருவிட்டு, விதை ஏற்கும்படி மண்ணைப் பதமாக்குவது. பண்பும் பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை, பாடுபட்டால்தான் வரும் என்பதை உழவர் பேச்சு காட்டுகிறது.

பண்பு என்றால் என்ன என்று நேரடியாகவே விளக்கம் சொல்லும் பழைய வரி ஒன்று கலித்தொகையில், நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலியில் இருக்கிறது. 133ஆம் பாடல். தலைவியை மணந்துகொள்ளாமல் காலம் கடத்தும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். அன்பு என்றால் இது, அறிவு என்றால் இது, பொறை என்றால் இது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறாள். அதில் ஒன்று, "பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்." பாடு என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் உலக ஒழுக்கம், பெருமை, பிறர் இயல்பு என்று பலவாறு பொருள் சொல்வார்கள். எனக்கு இந்த இடத்தில் 'பிறர் நிலைமை' என்ற பொருள்தான் நெருக்கமாகப் படுகிறது. "அவன் பாடு எப்படியோ", "என் பாடு பெரும் பாடாப் போச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பாடு. அடுத்தவர் படுவதை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வது பண்பு. தோழியும் அதைத்தான் கேட்கிறாள். நீ வராமல் இருக்கும்போது அவள் என்ன பாடு படுகிறாள் என்று உனக்குத் தெரிகிறதா?

திருவள்ளுவரும் இந்தச் சொல்லைப் பண்போடு சேர்த்தே வைக்கிறார். பண்புடைமை நூறாவது அதிகாரம். அதில் ஐந்தாவது குறள்:

நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி பகையுள்ளும்
பண்புள பாடறிவார் மாட்டு.

விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்து பேசுவது துன்பம் தரும். பாடறிந்தவர்களிடம் பகையிலும் பண்பு இருக்கும். அந்தப் 'பகையுள்ளும்' என்ற ஒரு சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன். மரியாதை பகை வந்தவுடன் முதலில் போகும் பொருள். "நேத்து வரைக்கும் அண்ணன், இன்னைக்கு அவன் இவன்" என்று எத்தனை பங்காளிச் சண்டைகளில் பார்த்திருக்கிறோம். பண்பு அப்போதும் இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அதே அதிகாரத்தின் முதல் குறளில் 'யார்மாட்டும்' என்ற சொல் வருகிறது. யாரிடத்திலும் எளிதில் அணுகக்கூடியவராக இருந்தால் பண்புடைமை எளிதாக வந்துவிடும் என்கிறார். பெரியவரிடம் மட்டும், வேண்டியவரிடம் மட்டும் என்று பிரிக்கவில்லை. மரியாதை 'யாருக்கு' என்று கேட்டு அளக்கிறது, பண்பு 'யார்மாட்டும்' என்று விரிகிறது. எனக்குத் தெரிந்து இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் புறநானூற்றின் 50ஆம் பாடலுக்குப் போக வேண்டும். மோசிகீரனார் என்ற புலவர் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பார்க்க வருகிறார். நடந்து வந்த களைப்பு. அரண்மனையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. எண்ணெய் நுரையை முகந்து வைத்தது போல மெத்தென்று மலர் பரப்பிய கட்டில். ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். அது முரசு வைக்கும் கட்டில். அரசனின் வீரமுரசு தெய்வத்துக்குச் சமம், பலி கொடுத்து வழிபடுவார்கள். அன்று முரசை நீராட்டுவதற்கு எடுத்துப் போயிருந்ததால் கட்டில் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கட்டிலில் வேறொருவர் ஏறினால் வாளால் இரண்டு துண்டாக வெட்டுவதுதான் முறை.

இது மரியாதை பற்றிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். எல்லை இருக்கிறது, புலவர் அதைத் தாண்டிவிட்டார், தாண்டியதற்குத் தண்டனையும் இருக்கிறது. அரசன் வந்து பார்க்கிறான். வெட்டவில்லை. வெட்டாமல் விட்டதே போதும், நீ நல்ல தமிழை முழுதாக அறிந்தவன் என்பதற்கு அதுவே சாட்சி என்று புலவர் பாடுகிறார். "அதனொடும் அமையாது", அதோடு நிற்காமல், அருகே வந்து, தன் முழவு போன்ற பெரிய தோளை உயர்த்தி, தூங்குகிறவருக்குத் தண்ணென்று கவரி வீசினான்.

களைத்து வந்தவரின் பாடு அறிந்து நடந்துகொள்வது என்றால் இதுதான். மன்னித்து விட்டிருந்தால் அது பெருந்தன்மை. எழுப்பி வேறு கட்டிலுக்கு அனுப்பியிருந்தால் அது மரியாதையைக் காப்பாற்றிய செயல். அவன் அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று பார்த்தான். தூக்கம் வேண்டும், காற்று வேண்டும். வீசிக்கொண்டு நின்றான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஒரு புலவனுக்கு அரசன் கவரி வீசலாமா என்ற கணக்கு அங்கே இல்லை. பள்ளியில் முதல்முறை இந்தப் பாடலைப் படித்தபோது கதையாகத்தான் பிடித்திருந்தது. இப்போது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

இதே பாடலில் புலவர் அரசனை எப்படி விளிக்கிறார் தெரியுமா? 'நீ' என்று. சங்கப் பாடல்களில் அரசர்களைப் புலவர்கள் 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள். இந்தச் சேரமான் வென்ற தகடூர், இன்றைய தருமபுரி, அதியமானின் ஊர். அந்த அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தபோது அவர் பாடியது, "மன்னுக பெரும நீயே." அந்த 'நீ'யில் மரியாதைக் குறைவு எங்காவது தெரிகிறதா? ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணப்படி அமைந்த சொல்லாறு அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. அதாவது 'நீங்கள்', 'அவர்' எல்லாம் மக்கள் பழக்கத்தில் உருவாக்கிக்கொண்ட மரியாதை. அதற்கு முன்பும் பண்பு இருந்தது.

இன்றும் நம் வீடுகளில் பாருங்கள். பல வீடுகளில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. "நீ சாப்டியாம்மா?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பண்பு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முருகனையும் மாரியம்மனையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம். கொங்கு நாட்டிலோ தவழும் குழந்தையிடமும் "வாங்க சாமி, சாப்பிடுங்க" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே 'நீர்' இருக்கிறது. "வாரும், இரும்" என்று நண்பர்களும் கணவன் மனைவியும் பேசிக்கொள்வதைக் கேட்க அவ்வளவு இதமாக இருக்கும். மரியாதையின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்காரர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு 'வா' கோயம்புத்தூர்க்காரர் முகத்தைச் சுருங்க வைக்கலாம். அதில் பண்புக் குறைவு எதுவும் இல்லை, பழக்கம் வேறு, அவ்வளவே.

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் மரியாதை வெறும் மேல்பூச்சு, பண்புதான் உண்மை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நானே ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். இப்போது அதைத் தவறு என்று நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் குப்பை அள்ள ஒரு பெரியவர் வருவார். தாத்தா வயது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிடுவோம். யாரும் எங்களைத் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பாட்டி அவரை "வாங்க" என்பார். அதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன். ஆனால் பாட்டி அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் சொம்பு கொல்லைப்புறத்துச் சுவரில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டுக்குள் வராது. வாயில் மரியாதை இருந்தது, சொம்பில் பண்பு இல்லை. பண்பில்லாதவன் பெற்ற செல்வம் பாத்திரத்தின் குற்றத்தால் நல்ல பால் திரிந்து போவதைப் போன்றது என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடிக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொம்பு நினைவுக்கு வருகிறது.

அந்தப் பெரியவரின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆயுள் முழுவதும் 'வா போ' கேட்டவரிடம் போய், "சொல்லில் என்ன இருக்கிறது, மனசுதான் முக்கியம்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மரியாதை தாராளமாகக் கிடைத்தவர்களால்தான் அதைச் சாதாரணமாக நினைக்க முடியும். மறுக்கப்பட்டவருக்கு அந்த 'நீங்கள்' வெறும் எழுத்து அல்ல. 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியார் குடிஅரசு இதழைத் தொடங்கினார். அவர் முன்னெடுத்த இயக்கத்துக்கு எந்தச் சொல் கிடைத்தது? சுயமரியாதை இயக்கம். மற்றவர் கொடுத்தால்தான் உண்டு என்று இருந்த மரியாதையை எடுத்து, அதை நானே எனக்கு வைத்துக்கொள்வேன் என்று சொன்ன சொல் அது. வேட்டியை மடித்துக் கட்டியும் தோளில் துண்டு போட்டும் நடப்பதே குற்றமாக இருந்த ஊர்களில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்! 'சுயபண்பு' என்று ஒரு சொல் ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறீர்களா? பண்பை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது, அதனால் மீட்க வேண்டிய தேவையும் இல்லை. மரியாதையைப் பறிக்க முடியும்.

பறிக்க முடியும் என்பதால்தான் சட்டமும் அதற்குள் வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அவர்களில் ஒருவரைப் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அந்தச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருவரை அவமரியாதை செய்யாதே என்று சொல்லலாம், மீறினால் தண்டிக்கலாம். பண்போடு இரு என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. அன்பு இல்லாத இடத்திலும், அறிமுகமே இல்லாத இடத்திலும் மனிதரை மனிதராக நடத்த வைப்பதற்கு மரியாதை என்ற வரம்பு வேண்டும். வரிசையில் நிற்கும்போது, அலுவலகத்தில், நீதிமன்றத்தில் எனக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசே கொண்டுவந்தது. நல்ல மாற்றம், மரியாதையான சொல். சக்கர நாற்காலியில் இருக்கும் என் நண்பருடன் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போனேன். 'மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை' என்று பலகை வைத்திருந்தார்கள். எங்களை முன்னால் கூப்பிட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு என்னைப் பார்த்து, "சாருக்கு என்ன வேணும்னு கேளுங்க சார்" என்றார். சார் எதிரிலேயே இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும், என்னைவிடத் தெளிவாகப் பேசுவார். இரண்டு 'சார்' போட்ட அந்த ஒரு வாக்கியத்தில் என் நண்பர் அங்கே இல்லாமல் போய்விட்டார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கவுன்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. பலகையில் எழுதியிருந்ததை அவர் அறிந்திருந்தார், எதிரில் இருந்தவரின் பாட்டை அறியவில்லை.

இரண்டு சொற்களும் ஒரே நிகழ்ச்சியில், தத்தம் இடத்தில் சரியாக நிற்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உடல் உறுப்புகளைத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று. மூளைச்சாவு அடைந்த மகனின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே, வேறு யாரோ ஒருவரின் பிள்ளை பிழைக்கட்டும் என்று கையெழுத்துப் போடும் தாய் தகப்பனிடம் இருப்பது பண்பு. பெறப்போகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று அவர்களுக்குத் தெரியாது. மாவட்ட அதிகாரி வந்து மலர் வளையம் வைத்துத் தலைவணங்குவது மரியாதை. இங்கே மரியாதை பதவியையோ பணத்தையோ பார்த்து அளக்கப்படவில்லை. பண்பைப் பார்த்து வணங்குகிறது. மரியாதைக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பக்கத்துச் சொற்களையும் ஓரிரு வரியில் தொட்டுவிடலாம். பணிவு என்பது தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் முறை. அடக்கம் என்பது தன்னிடம் இருப்பதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது. இங்கிதம் என்பது சொல்லாமலே குறிப்பறிந்து நடப்பது, பண்புக்கு மிக நெருங்கிய உறவு. நாகரிகம் இன்று நகரம், வசதி, ஆடை அணிகலன் பக்கம் போய்விட்டது. ஆனால் வள்ளுவர் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் இடம் வேறு. பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் அதை உண்டு அமைதியாக இருப்பதை 'நயத்தக்க நாகரிகம்' என்கிறார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எழுதும்போது எதை எங்கே பயன்படுத்துவது? எனக்குக் கைகொடுக்கும் வழியைச் சொல்கிறேன். வயது, உறவு, பதவி, முறை, சடங்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்தால் மரியாதை. 'ஆசிரியர் உள்ளே வந்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.' அப்படி எந்தக் காரணமும் இல்லாமல், எதிரில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார் என்றால் பண்பு. 'தவறான எண்ணுக்கு அழைத்தவரிடமும் பண்போடு பேசினார்.' இங்கே 'மரியாதையோடு' என்று போட்டாலும் பிழையில்லை. ஆனால் அப்போது அவர் 'சார்', 'நீங்கள்' என்று பேசினார் என்பது மட்டும் தெரியும். 'பண்போடு' என்றால் எரிச்சல் காட்டாமல், அந்த முனையில் இருப்பவர் கூச்சப்படாதபடி பேசினார் என்பதும் சேர்ந்து வருகிறது.

கடைசியாக ஒன்று. பண்பு என்ற சொல் பேச்சுத் தமிழில் அதிகம் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேடையிலும் புத்தகத்திலும்தான் அது இருக்கிறது. மரியாதையைத்தான் நாள் முழுக்கப் பேசுகிறோம். அதனால் தமிழர் வாயில் பண்பு இல்லை என்று பொருளாகாது, அங்கே அதற்கு வேறு பெயர்கள் உண்டு. ஒரு சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முன்பக்கம் மரியாதை நடந்துகொண்டிருக்கும். மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், சம்பந்தி வீட்டார் கோடி எடுத்து வருவார்கள், யார் முதலில் நிற்பது என்று மெல்லிய சலசலப்புகூட இருக்கும். பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீயை வைத்துக்கொண்டு, உறவும் இல்லாத, பதவியும் இல்லாத ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "நல்ல மனுஷன்யா. நான் அவர்கிட்ட கடன் கேட்டுப் போன அன்னைக்குக்கூட, முதல்ல சாப்பிட்டியான்னுதான் கேட்டார்."